முதல் வரியில் ஒரு கழித்தல்

மார்ச் 3, செவ்வாய்

இந்த டைரி பூச்சிமருந்துக் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ஒரு புழுவின் படம். மறந்துவிடும் என்று பயந்து எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு மறதி கிடையாது. என் கல்யாணப் பந்தியில் எதிர்வரிசையில் யார் யார் உட்கார்ந்தார்கள், அதில் எவள் என் சேலையைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். நான் எழுதுவது வீட்டில் பேச ஆள் இல்லாததால்.

ஆள் இருக்கிறாள். மருமகள் மாரீஸ்வரி. நாங்கள் பேசிக்கொள்வதில்லை. வருகிற ஆடியோடு இரண்டு வருஷம். என் மகனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னாள். அதை எழுதி இந்தக் காகிதத்தையும் அசிங்கப்படுத்த மாட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பேத்தி மிருதுளா நடுவில் நிற்பாள். "பாட்டிகிட்ட சொல்லு, தண்ணி வந்துருச்சுன்னு." "உங்க அம்மாகிட்ட சொல்லு, எனக்குக் காது நல்லாத்தான் இருக்குன்னு." இப்படியே குடும்பம் நடந்தது.

இப்போது மாரீஸ்வரியின் வலது கண்ணுக்குள் இருக்கிற திரை கிழிந்து, மதுரையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. கண்ணுக்குள் காற்று அடைத்திருக்கிறார்கள். அந்தக் குமிழி திரையை அமுக்கிப் பிடிக்க வேண்டுமாம். அதற்காகக் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். சோறு தின்னவும் தலை நிமிரக்கூடாது. "மல்லாந்து படுத்தா திரை மறுபடி கழன்டுரும், அப்புறம் எங்ககிட்ட வந்து அழக்கூடாது" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஏதோ நான் புரட்டிப் போடக் காத்திருக்கிற மாதிரி. இடது கண் அவளுக்குப் பிறவியிலேயே மங்கல். ஆள் நடமாட்டம் தெரியும், எழுத்து தெரியாது.

மிருதுளாவை அருப்புக்கோட்டைக்குச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. கல்யாணத்தன்று என் இலையில் மட்டும் உடைந்த அப்பளம் வைத்த சம்பந்தி.

ஆக, நடுவில் நிற்க ஆள் இல்லை. நாடாக் கட்டிலில் தலைமாட்டு நாடாக்களை விலக்கி, முகம் புதைக்க ஒரு ஓட்டை பண்ணினேன். கஞ்சியைக் கட்டிலுக்கு அடியில் வைத்து ஸ்ட்ரா போட்டேன். குடித்தாள். ஒரு வார்த்தை இல்லை.

மகன் செந்தூர்பாண்டி மஸ்கட்டில் இருக்கிறான். வேலை அதிகம்.

மார்ச் 4, புதன்

தண்ணீர் வரவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் ஈரம். கஞ்சி சிந்தியது என்று நினைத்துத் துடைத்தேன். கஞ்சி இல்லை.

மார்ச் 5, வியாழன்

பேசிவிட்டாள். முதலில் பேசியது அவள்தான். இதை நன்றாக எழுதி வைக்கிறேன்.

"அத்தை, லேப்டாப்பை எடுங்க."

சுவரில் ஒட்டியிருக்கிற மிருதுளாவின் ஏ-பி-சி-டி ஆப்பிள் படத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அத்தை, இருக்கீங்களா? கால் தெரியுது."

கட்டில் ஓட்டை வழியாக அவளுக்கு என் கால் நிழல் தெரிந்திருக்கிறது. ஓடவும் முடியாது.

விஷயம் இதுதான். ஆறு வருஷமாக அவள் கணக்கில் டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். ஊசி போடாத டாக்டர். இந்த மாதம் இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஏற்கெனவே தவணை வாங்கியாயிற்று, இனி தரமாட்டார்கள். அன்றைக்குக் கொடுக்காவிட்டால் ஆறு வருஷமும் போச்சு. பட்டம் இல்லாதவர்களை ஜூனுக்கு மேல் கல்லூரியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் வேலையும் போச்சு. மகன் அனுப்புவது கொஞ்சம் தாமதமாகிறது, அதுவரை வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அது காகிதத்திலேயே இல்லை. முன்பு எழுதியது எங்கோ இடித்துக்கொண்டு நின்றதாம். ஆபரேஷனுக்காகக் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்தபோது வழி தோன்றியதாம். எல்லாம் தலைக்குள் இருக்கிறது. தலை தரையைப் பார்த்துக் கிடக்கிறது.

"பால்ராஜ் அண்ணன் கடையில அடிக்கச் சொல்லு" என்றேன். கிட்டத்தட்ட இரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் சொன்ன முதல் வார்த்தை ஒரு டிடிபி கடையைப் பற்றியதாகப் போயிற்று.

"கேட்டாச்சு அத்தை. ஃபார்முலான்னா ஆளை விடுங்கன்னுட்டாரு. போன அத்தியாயத்தை அவர் கடைல வேற ஒண்ணுல திறந்தாரு, ஃபார்முலா பூராம் கட்டம் கட்டமா போயிருச்சு. இதை இதுலயேதான் அடிக்கணும்."

இது என்பது ரைட்டர் என்று ஒன்று. காசில்லாமல் இறக்கிக்கொள்வதாம். காசில்லாமல் கிடைப்பது எதுவும் எனக்குப் பிடிக்காது, பின்னால் ஏதாவது கேட்பார்கள்.

"நான் அஞ்சாங்கிளாஸுட்டி."

"இங்கிலீஷ் எழுத்து தெரியுமில்ல?"

தெரியும். மிருதுளாவுக்கு இந்தத் தாளைக் காட்டிச் சொல்லிக் கொடுத்த சாக்கில் எனக்கும் வந்தது. அது அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 6, வெள்ளி

எழுத்துகளை வரிசையாக அடுக்காமல் கலைத்துப் போட்டிருக்கிறான். எந்த மடையன் என்று தெரியவில்லை. ஏ எங்கோ இருக்கிறது, பி எங்கோ. காலை முழுக்கத் தேடினேன். மத்தியானத்துக்குள் எது எங்கே என்று பதிந்துவிட்டது. என் மண்டையில் பதிந்தால் பதிந்ததுதான்.

ஃபார்முலா வேண்டுமென்றால் எஃப், என் என்று அடித்துவிட்டு மேல்வரிசையில் எஃப் மூன்றைத் தட்ட வேண்டும். உடனே நடுவில் யாரோ ஒருவனுடைய ஃபார்முலா வந்து நிற்கும், வலப்பக்கம் எண்ணோடு. நமக்குச் சம்பந்தமில்லாத ஃபார்முலா. அதை இரண்டு தட்டு தட்டினால் கீழே ஒரு பெட்டி திறக்கும். அங்கே இருப்பதை அழித்துவிட்டு நம்முடையதை அடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவன் வந்து நிற்கிறான். ஒவ்வொரு தடவையும் துரத்துகிறேன். வாடகைக்கு வந்தவன் மாதிரி கூச்சமே இல்லை.

பெட்டிக்குள் குறிகளை வரையக்கூடாது. பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் கோடு வேண்டுமென்றால் நடுவில் ஓவர் என்று அடிக்க வேண்டும். லாம்டா என்று ஒரு எழுத்து. அதன் முன்னால் சதவீதக் குறி போட்டால்தான் லாம்டாவாக மாறும், போடாவிட்டால் வெறும் பேராகவே நிற்கும்.

"ஃப்ளவர் பிராக்கெட் போடுங்க அத்தை."

"பூ எங்கட்டி இருக்கு?"

"வளைஞ்சு வளைஞ்சு இருக்கும்."

"மீசைன்னு சொல்லு. பூவாம்."

கட்டிலுக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது. இருமலா சிரிப்பா தெரியவில்லை.

திறந்த மீசையை மூடாவிட்டால், ஏதாவது விட்டுப்போனால், ஒரு கேள்விக்குறி தலைகீழாக, ரத்தச் சிவப்பில் வந்து தொங்கும். இன்று ஒரே ஃபார்முலாவில் அது வந்துகொண்டே இருந்தது. நான் அடித்ததை மறுபடி சொல்லச் சொல்லுவாள், நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவேன், அவள் எங்கே தப்பு என்று சொல்லுவாள். என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு தலைகீழ்க் கேள்விக்குறி என்னை மிரட்டுகிறது.

சொட்டுமருந்து மூன்று வேளையும் போட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

மற்ற அத்தியாயங்களில் அவளே அடித்துவைத்த ஃபார்முலாக்களைத் திறந்து பார்த்துப் பழகச் சொன்னாள். பழகினேன். கூரை மாதிரி ஒன்று, பாம்பு நிமிர்ந்த மாதிரி ஒன்று. ஒன்றும் புரியாது. ஆனால் எதை அடித்தால் எது வரும் என்று தெரிந்துவிட்டது. புரிந்த குறி இரண்டுதான், கூட்டல், கழித்தல். அது அஞ்சாங்கிளாஸிலேயே உண்டு.

தலையைக் குனிந்தபடியே அவள் குளிக்கப் போனபோது அந்தக் கட்டிலில் நான் குப்புறப் படுத்துப் பார்த்தேன். நாடா கன்னத்தை அறுக்கிறது. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி வைத்தேன். மகனுடைய வேட்டி. அவனுக்கு அங்கே பேன்ட்தான்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று கடைசி அத்தியாயம் தொடங்கினோம். நல்ல நாள் இல்லை என்றேன். "இருபதாம் தேதிக்கு நாள் நட்சத்திரம் தெரியாது அத்தை" என்றாள். வாய் மட்டும் குப்புறப் படுக்கவில்லை.

முதலில் நாலு வரி இங்கிலீஷ். பிறகு எஃப், என், எஃப் மூன்று. அவன் வந்து நின்றான். துரத்தினேன்.

"கவனமா கேளுங்க. இதுதான் அஸ்திவாரம். இது மேலதான் எல்லாம் நிக்குது. முதல்லயே மைனஸ். அப்புறம் சதவீதக் குறி, லாம்டா. கீழ்க்கோடு, ஒண்ணு. யூ. கூட்டல். ஹெச், அடைப்புக்குள்ள யூ. சிறியது. பூஜ்யம்."

அடித்தேன். திரையில் வந்து நின்றது. கழித்தல் முன்னால் நிற்க, மற்றதெல்லாம் பின்னால்.

கல்யாண மொய் எழுதும்போது முதல் வரியில் யாராவது கழித்தல் போடுவார்களா? ஒரு காரியத்தின் வாசற்படியிலேயே குறைச்சலா? இந்த வீட்டில் ஏற்கெனவே கழிந்தது போதாதா? கண் ஒன்று கட்டிலில் கிடக்கிறது. பேத்தி ஊரில் இல்லை. மகன் வெளிநாட்டில்.

அந்த ஒரு கோட்டை மட்டும் எடுத்தேன். இத்தனை எழுத்தில் அது ஒரு சின்னக் கோடு. எடுத்த பிறகு சிவப்புக் கேள்விக்குறி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. யந்திரமே ஒப்புக்கொண்டது.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

அவள் நல்லதுக்குத்தான் செய்தேன். அவள் நல்லது எனக்கு எதற்கு என்று கேட்டால், அவள் வேலை நிலைத்தால் தனிக்குடித்தனம் போவாள், நான் நிம்மதியாக இருப்பேன், அதற்குத்தான்.

மார்ச் 12, வியாழன்

அடிக்கிறோம். பேச்சு பூராம் லாம்டாவும் மீசையும்தான். சாப்பாட்டுக்கு உப்பு போதுமா என்று இதுவரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை.

அவளும் எதையும் மறக்கிறவள் இல்லை. பக்கம் பக்கமாக வயிற்றுக்குள் வைத்திருந்து சொல்கிறாள். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, "மூணாவது ஃபார்முலாவைச் சொல்லுங்க" என்றாள். பார்க்காமலே சொன்னேன்.

"பார்த்தா சொன்னீங்க?"

"பார்க்கணுமா?"

"என் வளைகாப்புக்கு நீங்க கட்டுன சேலைல கறை இருந்துச்சுன்னு எங்க சித்தி சொன்னது இப்பவும் ஞாபகம் இருக்கா?"

"மாம்பழக் கலர் சேலை. உங்க சித்தி கைல வச்சிருந்தது பாதி கடிச்ச அதிரசம்."

"உங்ககிட்ட ஒண்ணும் தப்பாது அத்தை."

அதை அவள் பாராட்டாகச் சொன்னாளா குத்தலாகச் சொன்னாளா என்று இன்னும் யோசிக்கிறேன்.

மார்ச் 14, சனி

முடியாது போலிருக்கிறது. விரல் மூட்டு வீங்கிவிட்டது. ஒரு தடவை கரண்ட் போய், பாட்டரி செத்த லேப்டாப் அணைந்து, இன்று அடித்தது பூராவும் அழிந்தது, மறுபடி அடித்தேன். மகனைக் கூப்பிடலாம் என்று தோன்றியது. அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்.

மஸ்கட் எண் போகவில்லை. அது போய் ரொம்ப நாளாயிற்று. ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் என்று சொல்லி ஒரு தடவை வேறொரு எண்ணில் பேசினான், திருப்பூரிலிருந்து. எண்ணை எழுதி வைக்கவில்லை, ஆனால் ஞாபகத்தில் இருந்தது. சும்மா போட்டுப் பார்த்தேன்.

ஒரு பொம்பளைப் பிள்ளை எடுத்தது. "யாரு வேணும்?" செந்தூர்பாண்டி என்றேன். கொஞ்சம் நிறுத்தி, "ராங் நம்பர்" என்றது. பின்னால் யாரோ தும்மினார்கள். அடுக்கடுக்காக மூன்று தும்மல், மூன்றாவதின் கடைசியில் மூக்கில் ஒரு சின்ன விசில். தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த விசில்.

ராங் நம்பர்தான். உலகத்தில் எத்தனையோ பேர் தும்முகிறார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

அத்தியாயம் முடிந்தது. அவள் சொன்னபடி பொத்தானை அமுக்கிப் பிடிஎஃப் ஆக்கி, அவள் போனிலிருந்து ஞானசிகாமணி சாருக்கு அனுப்பினேன். அவர்தான் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர். அவர் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் பல்கலைக்கழகம் வாங்கும். கருப்பட்டிக் காபி போட்டு ஸ்ட்ரா வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

மார்ச் 16, திங்கள்

சார் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டு, போனைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

"மாரீஸ்வரி, முதல் சமன்பாட்டையே என்னால தாண்ட முடியல. அது நிக்கல."

"சார், அது..."

"அது நிக்கலைன்னா அதுக்கு மேல இருக்கற எதையும் நான் படிக்கவேண்டியதில்ல. அடிப்படையே தப்பு. மாத்திரை மயக்கத்துல மனக்கணக்காப் போடற விஷயமாம்மா இது? உன் நிலைமை புரியுது. ஆனா என் கையெழுத்தை இதுக்குக் கீழ போடமாட்டேன். நான் ஒரு வைவா பரீட்சைக்கு உள்ள போறேன்."

வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் அணைத்து வைத்திருக்கிறார்.

அவள் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. விரல் காற்றில் எதையோ எழுதி எழுதி அழித்தது.

"அத்தை. முதல் ஃபார்முலாவைப் படிங்க."

லேப்டாப்பைத் திறந்தேன். முதல் ஃபார்முலா எதிரே இருந்தது.

"மைனஸ்" என்றேன். "லாம்டா, கீழே ஒண்ணு. யூ. கூட்டல். ஹெச், அடைப்புக்குள்ள யூ. சிறியது. பூஜ்யம்."

அவள் சொன்னதைச் சொன்னபடியே படித்தேன். ஒரு எழுத்து பிசகவில்லை.

"நான் சொன்னதேதான்" என்றாள். ரொம்ப நேரம் கழித்து, "அப்ப யோசனையேதான் தப்பு" என்றாள்.

ரசம் வைத்தேன். சாப்பிடவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

சாப்பிடவில்லை. சொட்டுமருந்து போட விட்டாள், அவ்வளவுதான். தலைக்குள்ளேயே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுகிறாள், உதடு அசைகிறது. தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் பிடித்தேன். மாடிப்படி இறங்கி ஏறினேன். அண்டாவும் நிறைந்தது. பிடிக்க வேறொன்றும் இல்லாததால் துணி துவைத்தேன், துவைத்த துணியையே மறுபடியும்.

ஒரு சின்னக் கோடு. அதுதான் காரணம் என்று யார் சொன்னது? படித்தவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஞானசிகாமணிக்கு இவளைக் கண்டாலே ஆகாது. முன்பு ஒரு தடவை வீட்டுக்கு வந்தபோது நான் கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர் அவர். அப்படிப்பட்ட மனுஷர் எதைத்தான் சரி என்பார்?

அவள் என் மகனைப் பற்றிச் சொன்ன வார்த்தையை நினைத்துக்கொண்டேன். நினைத்தால் கோபம் வரும், எப்போதும் வரும். இன்று வரவில்லை.

மார்ச் 18, புதன்

ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தேன். கதவைத் திறந்தால் மாரீஸ்வரி மல்லாந்து படுத்திருக்கிறாள்.

கட்டுப் போட்ட கண் கூரையைப் பார்த்து. இரண்டு கையும் வயிற்றின் மேல். எவ்வளவு நேரமாக அப்படி என்று தெரியவில்லை. பை கையிலிருந்து விழுந்து பருப்பு சிதறியது.

"திரும்புட்டி! என்ன காரியம் பண்ணுத! திரும்பு!"

"எதுக்கு அத்தை?"

"கண்ணு போயிரும்ட்டி!"

"போகட்டும். இத வச்சு என்னத்தப் படிக்கப் போறேன்? வேலையில்லாதவளுக்கு ஒரு கண்ணு போதும். அதுவும் எதுக்குன்னு தெரியல." குரல் உயரவே இல்லை. கரண்ட் பில் விவரம் சொல்கிற மாதிரி சொன்னாள். "மிருதுளா அங்கயே படிக்கட்டும். எங்க அம்மா பார்த்துக்கிடுவாங்க. நீங்களும் கட்டிக்குடுத்த உங்க மக வீட்டுக்குப் போயிருங்க. நான் இப்படியே கிடக்கேன்."

தோளைப் பிடித்துப் புரட்டப் பார்த்தேன். கல் மாதிரி கிடந்தாள். எனக்கு அந்த வலு இல்லை. என் வயசுக்கு ஒரு வளர்ந்த பெண்ணைப் புரட்டவா முடியும்?

"யோசனை தப்பில்லட்டி" என்றேன்.

"என் தலைதான் தப்பு."

"உன் தலையில ஒண்ணுமில்ல. கழித்தலை நான் போடலை."

கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ மைனஸ்னு சொன்ன. அடிச்சேன். அப்புறம் எடுத்துட்டேன். முதல் வரியிலேயே கழித்தல் இருக்கக்கூடாதுன்னு எடுத்தேன். யந்திரம் கேள்விக்குறி போடலை, அதனால சரின்னு இருந்துட்டேன்."

"படிச்சீங்களே. முந்தாநாள். மைனஸ்னு."

"நீ சொன்னது ஞாபகம் இருந்துச்சு. அதைப் படிச்சேன்."

அவள் புரண்டாள். என்னை அடிக்கத்தான் எழுந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குப்புறப் படுத்து முகத்தை ஓட்டைக்குள் புதைத்துக்கொண்டாள். கட்டில் அதிர்ந்தது. அழுகிறாளா என்று தரையைப் பார்த்தேன். இந்தத் தடவை சத்தமாகவே அழுதாள், நடுவில் என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை எழுதவில்லை. ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கிறது, அத்தனையும் எனக்குத் தகும்.

பிறகு, "லேப்டாப்பை எடுங்க" என்றாள்.

முதல் ஃபார்முலாவை இரண்டு தட்டு தட்டினேன். பெட்டி திறந்தது. கழித்தலைப் போட்டேன்.

"படிங்க."

"மைனஸ். லாம்டா, கீழே..."

"நிறுத்துங்க. ஞாபகத்துலருந்து படிக்காதீங்க. பார்த்துப் படிங்க."

விரலைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் படித்தேன். அந்த அத்தியாயம் முழுவதையும் அப்படியே படிக்கச் சொன்னாள். என் நாக்கு உலர்ந்தது. ஒரு இடத்தில் நான் துரத்த மறந்த அந்த யாரோ ஒருவனுடைய ஃபார்முலா அப்படியே உட்கார்ந்திருந்தது. எனக்கு ஞாபகத்தில் அங்கே வேறு இருந்தது. பார்த்தால்தான் இவன் இருக்கிறான்.

பருப்பைப் பொறுக்கியதும் மறுபடி அனுப்பினேன்.

மார்ச் 19, வியாழன்

சார் பேசவில்லை. நான் போன் செய்தேன். நானே.

"நான் மாரீஸ்வரி மாமியார் பேசுதேன். அன்னைக்கு முதல் ஃபார்முலால ஒரு கழித்தல் இல்லாம வந்துச்சு. அது அவ தப்பு இல்ல, என் தப்பு. அவ கண்ணு தெரியாம சொல்லச் சொல்ல நான்தான் அடிச்சேன். மறுபடி படிங்க."

"நீங்க அடிச்சீங்களா?"

"அன்னைக்கு நீங்க பாதி வச்சிட்டுப் போன காபியும் நான் போட்டதுதான். இதையாவது முழுசாப் படிங்க."

பார்க்கிறேன் என்றார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து, "காபியை எதுக்கு இழுத்தீங்க?" என்று குரல் வந்தது.

இன்று முழுக்க போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. விளக்கு வைத்த பிறகுதான் சாரிடமிருந்து போன் வந்தது. "இப்ப நிக்குது. காலைல கையெழுத்துப் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்." அவ்வளவுதான். வேறு நல்ல வார்த்தை ஒன்று சொல்லத் தோன்றவில்லை அந்த மனுஷருக்கு. சொல்லாததையும் ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

மார்ச் 20, வெள்ளி

வாங்கிக்கொண்டார்கள்.

மார்ச் 23, திங்கள்

மதுரைக்குப் போய் வந்தோம். பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்தே வந்தாள். கம்பிக்கும் நெற்றிக்கும் நடுவில் என் கையை வைத்திருந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் எலும்பு நசுங்கியது.

டாக்டரம்மா விளக்கை அடித்து அடித்துப் பார்த்தார். திரை ஒட்டியிருக்கிறது. ஆனால் மேல் ஓரம் கொஞ்சம் தூக்கியிருக்கிறது. லேசர் வைத்துப் பார்க்கலாம், இன்னும் கொஞ்ச நாள் குப்புறப் படுக்கணும், அந்த ஓரத்துப் பார்வை திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். "மல்லாந்து படுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன்.

"தூக்கத்துல புரண்டுட்டேன் டாக்டர்" என்றாள் மாரீஸ்வரி.

திரும்பி வரும்போது பஸ் சாத்தூரைத் தாண்டியது. பிறகு, குனிந்த தலை குனிந்தபடியே, "இதை நான் மறக்க மாட்டேன் அத்தை" என்றாள்.

"மறக்காத. நானும் மறக்கமாட்டேன்."

"மறக்கமாட்டேன்னு சொல்லிட்டேன்ல. கைய எடுங்க, நசுங்குது."

எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவளைப் படுக்க வைத்தேன். கன்னத்துக்கு அடியில் அந்த வேட்டித் துணி நழுவியிருந்தது, சரிசெய்தேன். அருப்புக்கோட்டைக்குப் போன் போட்டு, மிருதுளாவை ஞாயிற்றுக்கிழமை கூட்டி வரச் சொன்னேன். சம்பந்தியிடம் நானே பேசினேன். அப்பளத்தைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. இந்த மாதத்துக்கு எடுக்கவில்லை.

பிறகு இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். எழுதியதை ஞாபகத்திலிருந்து இல்லாமல் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துப் படித்தேன். மூன்றாம் தேதிப் பக்கத்தில் ஒரு வார்த்தையை எழுதமாட்டேன் என்று விட்டிருக்கிறேன். அது இல்லாமலே அதற்கு மேல் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு பக்கத்திலும் சிவப்பில் கேள்விக்குறி வரவில்லை.

இப்போது போடுகிறேன். ஆடி மாதம், அடுப்படியில் நின்றுகொண்டு, மிருதுளாவின் தலையைப் பின்னியபடி, என் முகத்தைப் பார்க்காமல் மாரீஸ்வரி சொன்னது:

"அவரு மஸ்கட்டுல இல்ல அத்தை. இனி வரமாட்டாரு."